புழுக்கமா, மாத்திரையா?



மே மாதத்துப் புதுச்சேரியில் வியர்வையைப் பற்றிப் பேச்சு என்றால் கூட்டம் சேரும் என்று அமைப்பாளர்கள் நினைத்தது வீண்போகவில்லை. மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடித்தவர்களைத் தவிர மற்றவர்கள் இப்போதே கைக்குட்டையும் முந்தானையுமாக இருக்கிறீர்கள். எல்லோருக்கும் வருகிற அந்த வியர்வையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வந்து, "டாக்டர், இதை ஆரம்பித்ததிலிருந்து வேர்த்துக் கொட்டுகிறது, சமையல்கட்டில் பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை" என்று சொல்கிறார்களே, அந்த வியர்வையைப் பற்றித்தான் பேச்சு.

இது ஒருசிலரின் பிரச்சினை இல்லை. 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சென்னை உட்பட இந்தியாவின் 8 நகரங்களில் 5,376 பேரைச் சோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்குக் கிட்டத்தட்ட 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. கடலோர நகரங்களில் கொஞ்சம் குறைவு, உள்நாட்டு நகரங்களில் கொஞ்சம் அதிகம். கடலோரத்தில் இருக்கும் நாம் சந்தோஷப்படலாம். ஆனால் அதே கடல்தான் நமக்கு இந்தப் புழுக்கத்தையும் தருகிறது.

முதலில் வியர்வை எதற்கு என்று பார்ப்போம். நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். இதில் 'ஆவியானால்' என்பதுதான் முக்கியம். துடைத்தெறிகிற வியர்வையும், முதுகில் வழிந்து சட்டையை நனைக்கிற வியர்வையும் உடம்பைக் குளிர்விப்பதில்லை. வேலூர் வெயில் நம் ஊர் வெயிலைவிடக் கடுமை, ஆனால் அங்கே வியர்வை காய்ந்துவிடும். இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் காய்வதில்லை. உடம்பு விடாமல் இன்னும் சுரக்கிறது. மத்தியானக் கடல்காற்று தாமதமாகிற நாளில் முத்தியால்பேட்டைச் சந்துகளில் மதியம் இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது தைராய்டுக்கு வருவோம். கழுத்தின் முன்புறம் இருக்கிற இந்தச் சுரப்பி தரும் ஹார்மோன்தான் உடம்பின் செல்கள் எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அது குறைந்தால் உடம்பில் வெப்பம் உற்பத்தியாவது குறையும். தோலுக்கு வருகிற ரத்த ஓட்டமும் வியர்வைச் சுரப்பும் குறையும். தோல் வறண்டு சொரசொரவென்று ஆகும். வீட்டில் எல்லோரும் ஃபேனைக் கூட்டச் சொல்லும்போது இவர் மட்டும் போர்வை தேடுவார். எடை ஏறும், மலச்சிக்கல் வரும், குரல் கரகரக்கும். இது மெதுவாக, வருஷக்கணக்கில் வருவதால் அந்த வறட்சியே தன் இயல்பு என்று மனிதர் நம்பிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு லெவோதைராக்சின் மாத்திரை கொடுக்கிறோம். எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்று கடையில் நீங்கள் கேட்டு வாங்குவது அதைத்தான். மூன்று மாதத்தில் உடம்பு விழிக்கிறது, கூடவே வியர்வையும் திரும்புகிறது. நாலைந்து வருஷமாகச் சரியாக வேர்க்காமல் இருந்தவருக்கு, அதுவும் கத்திரி வெயிலில் இது நடந்தால், மருந்து கெடுதல் செய்வதாகத்தான் தோன்றும். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே அளவு வேர்க்கிறது என்பது அவர் கண்ணில் படாது.

இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் இந்த ஊரில் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது இந்த நோய்க்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. 1891-ல்தான் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு வற்றிப்போன 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். வீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது. தோலின் வறட்சி குறைந்துவிட்டது, நடக்கும்போது அவருக்கு வேர்க்கிறது என்பதையும் மர்ரே முன்னேற்றத்தின் அடையாளமாகவே குறித்துவைத்தார். அந்த அம்மாள் இன்னும் 28 வருஷம் வாழ்ந்து 1919-ல், தம் 74-வது வயதில் காலமானார். அதற்குள் 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு அவருக்காகச் செலவாகியிருந்தது. இன்றைக்கு அந்த வேலையை மிளகைவிடச் சின்னதாக ஒரு மாத்திரை செய்துவிடுகிறது.

ஆக, மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் வேர்வை கூடினால், வேறு தொந்தரவு இல்லாதபோது, பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. இதை முதலில் சொல்லிவிட்டேன். ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது இதற்கு நேர்மாறான சங்கதி.

நன்றாகப் பழகிப்போன மருந்தில், ஒரு வருஷம், ஐந்து வருஷம் கழித்து, திடீரென்று வேர்வை கூடுகிறது. கூடவே நெஞ்சு படபடப்பு. கையை நீட்டி விரல்மேல் ஒரு தாளை வைத்தால் தாள் நடுங்குகிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு. நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குகிறது. இப்படி நாலைந்து ஒன்றாக வந்தால் மருந்து தேவைக்கு மேல் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். டிஎஸ்எச் என்கிற ரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். சாதாரணமாக 0.4-க்கும் 4-க்கும் இடையில் இருக்க வேண்டிய அது 0.4-க்குக் கீழே போயிருக்கும். இங்கே பலருக்குக் குழப்பம் வரும்: டிஎஸ்எச் குறைந்தால் தைராய்டு குறைந்தது என்று நினைத்து மாத்திரையை இன்னும் கூட்டிக்கொள்பவர்கள் உண்டு. கணக்கு தலைகீழ். டிஎஸ்எச் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்குப் போடுகிற அதட்டல். ரத்தத்தில் ஹார்மோன் மிகுந்தால் அதட்டல் நின்றுவிடும், எண் இறங்கிவிடும்.

ஒரே மாத்திரை, ஒரே அளவு. பிறகு எப்படி மிகுதியாகும்? எனக்கு இந்த விஷயத்தில் சுவாரசியமான பகுதி இதுதான். கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதல் குற்றவாளி காபி. இந்த மாத்திரை வெறும் வயிற்றில்தான் ஒழுங்காகச் சேரும். அப்போதும் முழுசாக இல்லை, 60 முதல் 80 சதவீதம்தான். காபியோடு விழுங்கினால் அதுவும் குறைந்துவிடும் என்று 2008-ல் இத்தாலிக்காரர்கள் காட்டினார்கள். எஸ்ப்ரெசோவுக்கே இந்தக் கதி என்றால் நம் டிகிரி காபி சும்மா விடுமா? ஓர் அம்மா காலையில் எழுந்ததும் டபராவையும் மாத்திரையையும் ஒரே கையில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து பாதிதான் சேர்கிறது. டிஎஸ்எச் இறங்கவில்லை. டாக்டர் 75-ஐ 100 ஆக்குகிறார், 100-ஐ 125 ஆக்குகிறார். பிறகு ஒருநாள் மகள் லீவுக்கு வந்து, "ஏம்மா, இதை வெறும் வயித்துல போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுல்ல காபி குடிக்கணும்?" என்று பழக்கத்தைத் திருத்துகிறாள். அன்றிலிருந்து 125 மைக்ரோகிராமும் ஒழுங்காகச் சேர ஆரம்பிக்கிறது. இரண்டு மாதத்தில் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. மகள் சொன்னது சரி, டாக்டர் கூட்டியதும் சரி. மாத்திரை போடும் முறை மாறியது மட்டும் டாக்டர் காதுக்குப் போகவில்லை. கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற மருந்து இவற்றுக்கும் இதே கதைதான். அவற்றுக்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். பாதியில் அவற்றை நிறுத்தினாலும் தைராய்டு மாத்திரையின் பலம் கூடியதுபோல் ஆகிவிடும்.

இரண்டாவது, பிரசவம். கர்ப்பகாலத்தில் தேவை கூடும். மருந்தைக் கால் பங்கிலிருந்து பாதிப் பங்கு வரை ஏற்றுவோம். பிள்ளை பிறந்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். அந்த அமளியில் சீட்டை யார் பார்க்கிறார்கள்? ஏற்றிய அளவே ஓடிக்கொண்டிருக்கும். தாய்க்கு வேர்க்கிறது, படபடக்கிறது, தூக்கம் இல்லை. "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று பாட்டி சொல்வார். பிரசவமான முதல் ஒன்றிரண்டு வாரம் அவர் சொல்வது உண்மையும்கூட. ஆறாவது வாரத்திலும் அதே நிலை என்றால் பாட்டியிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு ரத்தம் சோதிக்கப் போக வேண்டும்.

மூன்றாவது, எடையும் வயதும். முழு மாற்று அளவு ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்பது தோராயக் கணக்கு. பத்துப் பதினைந்து கிலோ இறங்கியவருக்குப் பழைய அளவு அதிகம். 70 வயதானவருக்கு 45 வயதில் எழுதிய சீட்டும் அதிகமாக இருக்கலாம். பெரியவர்களில் இதை வியர்வையோடு விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் ஆய்வு 1994-ல் சொன்னது இது: 60 வயதுக்கு மேல் டிஎஸ்எச் மிகவும் இறங்கி இருந்தவர்களுக்கு, அடுத்த 10 ஆண்டில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் தேயும்.

நான்காவது, ரொம்பச் சாதாரணமானது: புள்ளி. 12.5 என்று ஒரு மாத்திரை இருக்கிறது, 125 என்றும் இருக்கிறது. மெடிக்கலில் வாங்கியதும் பாட்டிலின் மேல் இருக்கிற எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

ஐந்தாவது காரணம் கம்பெனி மாறுவது. இதைச் சொல்ல நான் பிரான்சுக்குப் போக வேண்டும். புதுச்சேரியில் அது ஒன்றும் தூரம் இல்லை. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பத்தார் இந்த அவையிலும் இருக்கிறீர்கள். 2017-ல் பாரீசிலிருந்து வந்த போன்களில் இந்தப் பேச்சு அடிபட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பிரான்சில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் சாப்பிட்டுவந்தது மெர்க் கம்பெனியின் லெவோதைராக்ஸ். அப்போது அங்கே கிட்டத்தட்ட வேறு மாத்திரையே கிடையாது. தயாரித்ததிலிருந்து காலாவதி வரை மருந்தின் அளவு அதிகம் ஏறி இறங்கக் கூடாது என்று அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2012-ல் கேட்டது. நல்ல நோக்கம். கம்பெனி மருந்தை மாற்றவில்லை, மருந்தோடு சேர்க்கும் பொடியை மட்டும் மாற்றியது. லாக்டோசுக்குப் பதில் மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும். 2017 மார்ச் கடைசியில் புதிய மாத்திரை கடைக்கு வந்தது. டாக்டர்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் கடிதம் போனது. சாப்பிடுகிறவர்களுக்குத்தான் சரியாகச் சொல்லப்படவில்லை.

கோடைக்குள் புகார்கள் குவிந்தன. களைப்பு, தலைவலி, தலைசுற்றல், தூக்கமின்மை, முடி உதிர்தல், தசைவலி. சிலர் படபடப்பும் வியர்வையும் சொன்னார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். நடிகை அனி துப்பரே சுகாதார அமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். சோதனைக்கூடத்தில் பார்த்தால் மாத்திரையில் குறை ஒன்றும் இல்லை. அந்த அக்டோபரில் பழைய வகையையே வேறு பெயரில் தற்காலிகமாக வரவழைத்தார்கள்.

அப்படியானால் அத்தனை பேரும் கற்பனை செய்தார்களா? அன்றைக்கு அப்படிச் சொன்ன டாக்டர்களும் உண்டு. பத்திரிகைகளைப் பார்த்துப் பயந்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்திருப்பார்கள், மறுப்பதற்கில்லை. பிறகு 20 லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்த அரசுத் தரப்பு ஆய்வும் பெரிய ஆபத்து எதுவும் கூடவில்லை என்றுதான் சொன்னது. ஆனால் 2019-ல் துலூஸ் ஆய்வாளர்கள் கம்பெனியின் சோதனைத் தரவுகளையே மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். 204 ஆரோக்கியமானவர்களிடம் பழையதையும் புதியதையும் ஒப்பிட்ட சோதனை அது. சராசரியில் இரண்டும் சமம். ஒவ்வொரு ஆளாகப் பிரித்துப் பார்த்தால், பாதிப் பேருக்கு மேல் அந்தச் சமம் என்ற எல்லைக்கு வெளியே நின்றார்கள். சிலருக்குக் கூடியது, சிலருக்குக் குறைந்தது, கூட்டி வகுத்தபோது சரியாகிவிட்டது.

2020 ஜூனில் லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாற்றத்தைத் தெளிவாகத் தெரிவிக்காதது தவறு என்று சொல்லி, வழக்குப் போட்ட 3,300-க்கும் மேற்பட்டோருக்கு ஆளுக்கு 1,000 யூரோ தரச் சொன்னது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மாத்திரை கெட்டது என்று தீர்ப்பு இல்லை, சொல்லாமல் மாற்றியது தப்பு என்றுதான் தீர்ப்பு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

நம் ஊரில் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருக்கிற பென்ஷன்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் கொண்டுவந்தது தீர்ந்ததும் இங்கே வேறு கம்பெனி மாத்திரைக்குப் போகிறீர்கள். அதே சமயம் பாரீஸ் குளிரிலிருந்து புதுச்சேரி மே மாதத்துக்கும் வருகிறீர்கள். வேர்வை இரண்டில் எதனால் என்று ஊகித்துக்கொண்டிருப்பது வீண். முடிந்தவரை ஒரே கம்பெனி, மாறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு டிஎஸ்எச்.

ஏன் அத்தனை வாரம்? இந்த மருந்தில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே சுமார் ஏழு நாள் ஆகும். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது மோட்டாரை இரண்டு நாள் போடாவிட்டால் குழாயில் ஒரு வித்தியாசமும் தெரியாதே, அப்படி. "இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தினேன், வேர்வை நின்றுவிட்டது" என்று யாராவது சொன்னால் மருந்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, கடல்காற்று திரும்பியிருக்கும். அந்தச் சோதனையை நம்பி மாத்திரையையே விட்டுவிடுகிறவர்கள் இரண்டு மாதம் கழித்து வீங்கிய முகத்தோடு வருகிறார்கள். அளவு அதிகம் என்று தெரிந்தால்கூட டாக்டர் பெரும்பாலும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம்தான் குறைப்பார். அதை நீங்களாகப் பிளேடால் வெட்டிப் பார்க்க வேண்டாம். தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை செய்தவர்களில் சிலருக்கு டிஎஸ்எச்சை வேண்டுமென்றே இறக்கி வைத்திருப்போம். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் அளவில் கைவைக்கவே கூடாது.

சரி, டிஎஸ்எச் ஒழுங்காக இருக்கிறது, வேர்வை மட்டும் நிற்கவில்லை. அப்போது தைராய்டை விட்டு வெளியே வாருங்கள். 45, 50 வயதுப் பெண்களுக்கு முகமும் கழுத்தும் குப்பென்று சூடாகி வேர்த்து, சில நிமிஷத்தில் அடங்கினால் அது மாதவிடாய் நிற்கிற காலம். தைராய்டு குறைவும் அந்த வயதில்தான் அதிகம் தெரியவரும் என்பதால் பழி மாத்திரைமேல் விழுகிறது. சுகருக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் சாப்பாடு தாமதமானபோது வேர்த்து நடுங்கினால் சர்க்கரை இறங்குகிறது, உடனே இனிப்பு. மனச்சோர்வு மாத்திரைகளில் சில வேர்க்க வைக்கும். ராத்திரியில் படுக்கை நனைய வேர்வை, மாலைக் காய்ச்சல், இருமல், எடை இறக்கம் என்றால் காசநோய் சோதனை. நெஞ்சில் பாரத்தோடு உடம்பு சில்லிட்டு வேர்த்தால் தைராய்டு மாத்திரை பாட்டிலைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரத்தம் கொடுக்கப் போகிற காலையில் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், இல்லாத மிகுதியை இருப்பதாகச் சொல்லும். கோரிமேட்டில் ஜிப்மருக்குப் போனாலும் தெருமுனை டாக்டரிடம் போனாலும் காலி பாட்டிலை எடுத்துப் போங்கள், வாயால் சொல்கிற பெயரில் பாதி தப்பு. மாத்திரையை அடுப்பு மேடை அலமாரியிலும் ஃபிரிட்ஜின் தலையிலும் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் அதைக் கெடுக்கும்.

இனி, வேர்வையோடு வாழ்வது. பருத்தித் துணி, தளர்வாக. நைலான் நைட்டியைக் கோடையில் மடித்து வைத்துவிடுங்கள். படுக்குமுன் ஒரு குளியல், உடம்பை நன்றாகத் துடைத்து ஃபேன் காற்றில் காயவிட்டுப் பிறகு உடை. மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள், பிரஷர்காரர்கள் உப்பை மட்டும் அளந்து. வாசனை ஸ்ப்ரே வாடையை மறைக்குமே தவிர வேர்வையைக் குறைக்காது. அக்குளுக்கும் உள்ளங்கைக்கும் அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு உண்டு. இரவில், காய்ந்த தோலில் தடவிக் காலையில் கழுவ வேண்டும். ஈரத் தோலில் தடவினால் எரியும். தொடையிடுக்கில் படர்தாமரை வந்தால் கடையில் கேட்டு வாங்குகிற, ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டவே வேண்டாம். மூன்று நாள் அரிப்பு அடங்கும், மூன்று மாதம் படரும்.

ஒரு துண்டுச் சீட்டு மேடைக்கு வந்திருக்கிறது. "எல்லாப் பரிசோதனையும் சரி, சின்ன வயதிலிருந்தே கை கால் ஒழுகுகிறது. வேர்வையை நிறுத்த மாத்திரை இருக்கிறதாமே?" இருக்கிறது. ஆக்சிபியூட்டினின், கிளைகோபைரோலேட் என்று தோல் மருத்துவர் எழுதுவார். வாய் வறளும், சிலருக்குச் சிறுநீர் தடைபடும், கண்ணழுத்த நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கையை மின்னோட்டம் விட்ட தண்ணீரில் வைக்கிற சிகிச்சையும் உண்டு. மாத்திரைதான் என்று முடிவானால், அதைப் போட்டுக்கொண்டு மே மாத மதியத்தில் பெரிய மார்க்கெட்டில் அலையாதீர்கள். வேர்வை நின்ற உடம்புக்கு வெப்பத்தை இறக்கிவைக்க வேறு வழி கிடையாது, மயக்கம் போட்டு விழுவீர்கள். மழைக்காலத்தில் ஆரம்பிப்பது உத்தமம்.

அடுத்த சீட்டைக் கொடுங்கள்.